வாசகர் கேள்வி – பதில்: பண்டிகைப் படத்தில் உங்கள் நாயும்

வளர்ப்பு நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் சேர்த்துப் படமெடுத்து, அதன் மூலம் நிதி திரட்டும் வழக்கம் நம் நகரங்களிலும் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: சென்னை வேளச்சேரியில் ஏறத்தாழ 300 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கிறிஸ்துமஸையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி முதல் 8 மணி வரை, எங்கள் சமுதாயக் கூடத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் நாய்களுக்கும் அவற்றின் குடும்பத்தினருக்கும் படமெடுத்துத் தந்து, திரளும் தொகையைத் தெருநாய்களின் கருத்தடைக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். சுமார் 30 நாய்கள் வரக்கூடும். சென்ற ஆண்டு பக்கத்துக் குடியிருப்பில் நடந்த இத்தகைய நிகழ்ச்சியில் இரண்டு நாய்கள் சண்டையிட்டதில், விலக்கிவிடப் போன பெரியவர் ஒருவருக்குக் கையில் ஆழமான காயம் ஏற்பட்டது. அதனால் எங்கள் சங்கத்தில் சிலர் தயங்குகிறார்கள். என்னென்ன முன்னேற்பாடுகள் தேவை?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் நோக்கம் நல்லது, அதை நிறைவேற்ற வழியும் உண்டு. ஆனால் 30 நாய்களை ஒரே மாலையில் ஒரே கூடத்துக்கு அழைக்கும் திட்டத்தை முதலில் கைவிட வேண்டும். பக்கத்துக் குடியிருப்பில் நடந்ததற்கு அந்த இரு நாய்களின் குணத்தைவிட, அவை நிறுத்தப்பட்டிருந்த விதமே பெரிய காரணமாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன். முன்பின் அறியாத நாய்களுக்கிடையே, இறுக்கிப் பிடித்த கயிற்றில், விலகிச் செல்ல இடமில்லாமல் வரிசையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால், வீட்டில் சாதுவாக இருக்கும் நாய்கூடப் பொறுமை இழக்கும். தனக்கு ஒவ்வாத ஒன்றிடமிருந்து விலகிப் போகவே நாய் முதலில் முயலும். அதற்கு வழி அடைபட்டால்தான் பெரும்பாலான நாய்கள் உறுமுகின்றன, அதையும் நாம் கவனிக்காதபோது கடிக்கின்றன.

ஆகவே, முன்பதிவு செய்து நேரம் ஒதுக்கும் முறையைப் பின்பற்றுங்கள். ஒரு நாய்க்குப் 10 நிமிடம், அடுத்த நாய் வருவதற்குள் இடத்தைத் துடைக்கவும் முந்தைய நாய் வெளியேறவும் 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் நான்கு நாய்களைப் படமெடுக்கலாம். காலை 7 மணி முதல் 10 மணி வரை 12 நாய்கள், மாலை 4 மணி முதல் ஐந்தரை மணி வரை 6 நாய்கள் என்று ஒரு நாளில் 18 நாய்கள் வரலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் 30 நாய்களும் அவசரமின்றி முடிந்துவிடும், சில இடங்கள் மிச்சமும் இருக்கும். டிசம்பர் காலை வெயில் இதமாக இருப்பதால் இயற்கை வெளிச்சத்திலேயே நல்ல படங்கள் கிடைக்கும். பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களுக்கு மார்கழியிலும் சென்னையின் புழுக்கம் மூச்சிரைப்பைத் தரும் என்பதால், அவற்றுக்குக் காலையின் முதல் நேரங்களை ஒதுக்குங்கள். டிசம்பர் 31 மாலையையும், மேளச் சத்தமும் புகையும் சூழும் போகி நாளையும் எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

முன்பதிவின்போதே உடல்நலம் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறுவது இந்த ஏற்பாட்டின் அடித்தளம். ரேபிஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். முதன்முறையாகப் போட்டுக்கொண்ட நாய் என்றால், ஊசி போட்டு மூன்று வாரங்களாவது ஆகியிருக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசித் தொடர் நிறைவடையாத குட்டிகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அழைத்து வரவேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது, குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடியது. தடுப்பூசிப் புத்தகத்தின் படத்தையும் சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டால் பின்னர் எழக்கூடிய பல தகராறுகளைத் தவிர்க்கலாம். இருமல், வயிற்றுப்போக்கு, தோல் நோய், உடலில் உண்ணி ஆகியவற்றில் ஏதேனும் இருக்கும் நாய்கள் குணமான பின்பு வரட்டும். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா நோய் நம் ஊரில் மிகுதி என்பதால் உண்ணியை அற்பமாக எண்ண வேண்டாம். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாய் அங்கு வந்து சென்றாலே அடுத்து வரும் ஆண் நாய்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும். இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், ஆனால் கேட்டே ஆகவேண்டும். இதற்கு முன் யாரையேனும் கடித்த நாய் என்றால் அதற்கு வீட்டிலேயே படமெடுத்துக் கொடுப்பது நல்லது.

கூடத்துக்கு இரண்டு வாயில்கள் இருப்பின், ஒன்றை உள்ளே வருவதற்கும் மற்றொன்றை வெளியேறுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாய் காத்திருக்கும் இடத்திலிருந்து படமெடுக்கும் இடம் தெரியாதபடி ஒரு திரை கட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மழை பெய்து நீர் தேங்கியிருக்கும் புல்தரையில் காத்திருக்க வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அந்த நீரில் இருக்கலாம். பூட்டிய காரிலும் காத்திருக்க வேண்டாம். தானாக நீளும் கயிறுகளுக்கு அனுமதி மறுத்து, நான்கு முதல் ஆறு அடி நீளமுள்ள சாதாரணக் கயிறும், கழுத்தை இறுக்காத மார்புப் பட்டையும் அணிவித்து வரச் சொல்லுங்கள். படமெடுக்கும்போதும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. மெல்லிய கயிறாக இருந்தால் பின்னர் கணினியில் அதைப் படத்திலிருந்து எளிதாக நீக்கிவிடலாம். ஒரு நாயை ஒரு பெரியவர்தான் பிடித்திருக்க வேண்டும், குழந்தைகளிடம் கயிற்றைக் கொடுக்கக் கூடாது.

சமுதாயக் கூடங்களின் வழவழப்பான தரை நாய்களுக்குப் பெரும் தொல்லை. கால் வழுக்கும் இடத்தில் எந்த நாயும் நிம்மதியாக உட்காராது. துடைத்தெடுக்கக்கூடிய ரப்பர் விரிப்பை அகலமாகப் போடுங்கள். நாய் ஏதேனும் அசுத்தம் செய்துவிட்டால், அதை அகற்றிக் கழுவிய பின்பு, வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் நல்ல நீரால் கழுவி உலர்த்துங்கள். பினாயில் பார்வோ வைரஸை நம்பகமாக அழிக்காது, அதன் நெடியும் நாய்க்கு ஒவ்வாது. பின்னணித் திரை காற்றில் படபடக்காதபடி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். விளக்குத் தாங்கிகள் சாய்ந்துவிடாதபடி அவற்றின் கால்களில் மணல் மூட்டைகளை வையுங்கள். வண்ண விளக்குச் சரங்களின் மின்கம்பி நாயின் வாய்க்கு எட்டக் கூடாது. கண்ணாடி உருண்டைகளும், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும் மினுமினுப்பு இழைகளும் உயரத்தில் மட்டுமே தொங்கட்டும்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தை மறைக்கும் தாடியும், கனத்த உடையும், உரத்த சிரிப்பும் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தரும், பல நாய்களுக்கோ அச்சம் தரும். வேடமிட்டவர் முன்கூட்டியே தாழ்வான இருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்திருக்க வேண்டும். நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமலும், அதன் தலைக்கு மேல் கை நீட்டாமலும் இருக்க வேண்டும். நாய் தானாக அருகில் வந்தால் வரட்டும், வராவிட்டால் வளர்ப்பவர் நடுவில் அமரலாம். நாயைத் தூக்கி வேடமிட்டவரின் மடியில் வைப்பது கூடவே கூடாது. படமெடுப்பவர் பத்தடி தொலைவிலிருந்து, தொலைவிலுள்ளதை நெருக்கமாகக் காட்டும் லென்ஸைக் கொண்டு, நாயின் கண்மட்டத்தில் மண்டியிட்டு எடுக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது, நாயின் உடல்மொழியை அறிந்த ஒருவரை, வேறெந்தப் பொறுப்பும் கொடுக்காமல், நாயை மட்டுமே கவனித்துக்கொண்டிருக்க நியமிப்பது. உணவைக் காணாதபோதும் உதட்டை நக்குதல், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், விழியின் வெண்பகுதி பிறைபோலத் தெரிதல், காதுகள் பின்னோக்கிப் படிதல், வாலை இடுக்கிக்கொள்ளுதல், அசையாமல் விறைத்து நிற்றல் ஆகியவை நாய் நமக்கு விடுக்கும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டதும் அவர் "போதும்" என்று சொன்னால், படம் கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். சங்கத் தலைவரின் நாயானாலும் இந்த விதியில் மாற்றம் கூடாது. இந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க உங்கள் சங்கம் ஒப்புக்கொள்ளாவிட்டால், நிகழ்ச்சியை நடத்தாமல் நன்கொடை மட்டும் திரட்டுவதே சரி என்பது என் கருத்து.

தின்பண்டங்களை அவரவரே கொண்டு வரட்டும், பொதுத் தட்டு வேண்டாம். மனிதர்களுக்கான உணவு மேசையை நாய்கள் வராத வேறிடத்தில் வையுங்கள். உலர்திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. கிறிஸ்துமஸ் கேக்கில் அது நிறைய இருக்கிறது, சாக்லேட் கலந்திருந்தால் அது மற்றோர் ஆபத்து. பொங்கலை ஒட்டி நடத்துபவர்களும் சர்க்கரைப் பொங்கலில் போடும் திராட்சையை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சண்டை மூண்டால், இடையில் கையை விடாதீர்கள். தடித்த அட்டையையோ பலகையையோ இரண்டுக்கும் நடுவே நுழைத்துப் பிரிக்கலாம், வாளி நீரை ஊற்றலாம், போர்வையை மேலே வீசலாம். இவை மூன்றும் கூடத்தில் தயாராக இருக்கட்டும். கடியோ நகக்கீறலோ பட்டால், ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கடித்தது தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ரேபிஸ் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் முதல் நாளுக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசிகள் உண்டு. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி, உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். கடித்த நாயை 10 நாட்கள் கண்காணிக்க வேண்டும். பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டிவைப்பதும் உங்கள் பொறுப்பு.

கேள்வி: பொங்கல் அன்று எங்கள் ராஜபாளையம் நாய்க்கு வேட்டி, துண்டு அணிவித்து, மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் இட்டுப் படமெடுக்க விரும்புகிறோம். இதனால் தீங்கு உண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: மாட்டுப் பொங்கலில் கால்நடைகளை அலங்கரிக்கும் மண்ணில், வீட்டு நாயையும் அலங்கரிக்கத் தோன்றுவது இயல்பே. தோளில் தளர்வாகச் சுற்றிய ஒரு துண்டு போதும், படத்திலும் அதுவே எடுப்பாக இருக்கும். கால்களைச் சுற்றிக் கட்டும் வேட்டியும், தாடைக்கு அடியில் இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் தொப்பியும், கடித்தால் கழன்று வரும் சலங்கையும் வேண்டாம். குங்குமத்திலும் வண்ணப் பொடிகளிலும் என்ன சாயம் சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. அவை கண்ணில் விழலாம், நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும். மாலையில் நாரால் கட்டிய பூக்களைத் தேர்ந்தெடுங்கள், கம்பியில் கோத்ததும் அரளிப் பூ கலந்ததும் கூடாது. அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை, பூக்கடை மாலைகளில் அது தாராளமாக இருக்கிறது. படமெடுப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே துண்டைச் சிறிது நேரம் போட்டுப் பழக்குங்கள். போட்டதும் நாய் சிலைபோல நின்றுவிட்டால் அது ஒப்புதல் என்று எண்ண வேண்டாம், அச்சத்தில் உறைந்திருக்கிறது என்றே பொருள், உடனே எடுத்துவிடுங்கள். ராஜபாளையத்தின் வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அலங்காரம் இல்லாமலே காலை வெயிலில் கண்ணைக் கவரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வந்து இரண்டு ஆண்டுகளாக வளர்க்கும் எங்கள் நாட்டு நாய், வெளியாட்களைக் கண்டால் நடுங்குகிறது. எங்கள் பகுதி நிகழ்ச்சிக்கு அதை அழைத்துச் சென்றால் பயம் தெளியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தெளியாது, கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். பயந்த நாயைப் பயப்படும் பொருளின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதால் அது பழகிக்கொள்வதில்லை. தொலைவிலிருந்து, அதற்குப் பிடித்த உணவுடன், பல வாரங்களாகச் சிறிது சிறிதாகத்தான் பழக்க முடியும். ஏற்பாட்டாளர்களிடம் பேசிப் பாருங்கள். வீட்டில் நீங்களே எடுத்த படத்தை அனுப்பினால் அதற்குப் பண்டிகை அலங்காரச் சட்டகம் போட்டு அச்சிட்டுத் தரும் வசதியை அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம், அதே நன்கொடையை நீங்களும் செலுத்தலாம். வயதான நாய்களுக்கும், அறுவை சிகிச்சை முடிந்த நாய்களுக்கும், பூனை வளர்ப்பவர்களுக்கும்கூட இது உதவும். வீட்டில் சன்னல் ஓரத்தில், அது வழக்கமாகப் படுக்கும் பாயிலேயே, நீங்கள் தரையில் அருகில் அமர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியைத் தூக்கி நீட்டினாலே சில நாய்கள் மிரளும் என்பதால், முதல் நாள் அதைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பது நல்லது.

கேள்வி: இத்தகைய நிகழ்ச்சியில் பணத்தை எப்படி வசூலிப்பது? வரிவிலக்கு உண்டா? அமெரிக்காவில் இருக்கும் எங்கள் குடும்பத்தினரும் அனுப்ப விரும்புகிறார்கள். சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்தலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: பணம் யாருக்குப் போகிறதோ அந்த அமைப்பின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். அமைப்பின் கியூஆர் குறியீட்டைக் கூடத்தில் வைத்து, செலுத்தியவர்களுக்கு அந்த அமைப்பே ரசீது தருமாறு ஏற்பாடு செய்யுங்கள். தனி ஒருவரின் யூபிஐ கணக்கில் வசூலித்துப் பிறகு மொத்தமாக மாற்றுவது எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் ஐயத்துக்கு இடம் தரும். அத்துடன், நன்கொடையாளர் தம் பெயரில் வரிவிலக்கும் கோர முடியாமல் போகும். 80ஜி என்று நாம் அறிந்த அந்தச் சலுகை, அதற்குரிய பதிவு பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு மட்டுமே கிடைக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குக் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது கிடையாது. படத்துக்கான கட்டணமாக வாங்கும் தொகை நன்கொடையாகாது என்ற சிக்கலும் உண்டு. ஆகவே அச்சுச் செலவைத் தனியாகவும் நன்கொடையைத் தனியாகவும் வாங்குவது தெளிவானது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், அங்கே வேலை பார்த்தாலும், முறையான வங்கி வழியில் தம் சொந்தப் பணத்தைத் தரலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அச்சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு, புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியில் அதற்கென வைத்துள்ள கணக்கில் மட்டுமே அதைப் பெற முடியும். கூடத்தில் ஒட்டிய கியூஆர் குறியீட்டின் படத்தைக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிடுவதால் நல்ல அமைப்பு ஒன்று சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

குலுக்கல் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய சீட்டுக்கு அதிர்ஷ்டத்தால் பரிசு தருவது, நோக்கம் தருமமே ஆனாலும், சட்டத்தின் எல்லையை உரசும் செயல். அதற்குப் பதிலாக, எடுத்த படங்களைக் கொண்டு மாதநாள்காட்டி அச்சிட்டு விற்கலாம். ஆனால் படத்தில் இருப்பவர்களிடம், குறிப்பாகக் குழந்தைகளின் பெற்றோரிடம், எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சிட வேண்டும். வீட்டு எண்ணும் வாகன எண்ணும் படத்தில் தெரியக் கூடாது.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்த சென்னையில், 1996-இல் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. இன்று 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளே இந்தப் பணியைச் செய்யலாம். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அந்த அங்கீகாரச் சான்றின் நகலையும், ஒரு நாய்க்கு ஆகும் முழுச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் மொத்த வரவு, அச்சுச் செலவு, அமைப்புக்குச் சென்ற தொகை மூன்றையும் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பிறகு, எந்தத் தெருக்களின் நாய்களுக்கு அந்தப் பணத்தில் அறுவை சிகிச்சை நடந்தது என்ற பட்டியலை அமைப்பிடமிருந்து கேட்டு வாங்கி அதன் அருகிலேயே ஒட்டுங்கள்.